போட்டி மேடையும் மண்ணின் பாட்டும்

விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர்' பாட்டுப் போட்டி 2006ஆம் ஆண்டு தொடங்கியது. எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் குரல்வளம் ஒன்றையே துணையாகக் கொண்டு மேடையேற அது வழிவகுத்தது. இதனை மறுப்பார் இலர். எனினும், அம்மேடையில் ஒலிப்பவை பெரும்பாலும் திரைப்பாடல்களே. முன்னரே ஒருவர் பாடிய பாட்டை அவரைப் போலவே பாடுதல் நல்ல பயிற்சி. ஆயின், அதுவே இசையின் எல்லையாகிவிடாது.

2018ஆம் ஆண்டு, புதுக்கோட்டை மாவட்டத்து நாட்டுப்புறக் கலைஞர் செந்தில் கணேஷ் மக்கள் வாக்கைப் பெற்று அப்போட்டியில் வாகை சூடினார். மண்ணின் பாட்டைக் கேட்க ஆளில்லை என்னும் கூற்று அன்று பொய்த்தது. குறை கேட்போரிடம் இல்லை. மேடை அமைப்போரிடமே உள்ளது.

அவ்வாறு மேடை அமைப்போருள் நாமும் அடங்குவோம். கல்லூரிக் கலைவிழாக்களிலும் திரைப்பாடலுக்கே முதலிடம் தருகிறோம். நெல்லைச் சீமையில் தோன்றிய பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சேற்றினார். அப்பணி முடிந்துவிடவில்லை. சங்கரன்கோவில் வட்டாரத்தில் பருத்தி எடுத்தோரும் களை பறித்தோரும் பாடியவை இன்று முதியோர் சிலரது நெஞ்சில் மட்டுமே தங்கியுள்ளன. அவர்கள் மறைந்தால் அவையும் மறையும்.

மாணவச் செல்வங்களே! இவ்விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் ஒரு தாலாட்டையேனும் கேட்டு எழுதி வாருங்கள். அதன் மெட்டையும் கைப்பேசியில் பதிந்து வாருங்கள். அடுத்த கலைவிழாவில் அப்பாட்டுக்கும் ஒரு பரிசு வைப்பது ஆசிரியராகிய எங்கள் கடமை.