அவசரகால ஆய்வுகளும் பேராக் தோட்டத் தமிழரும்

பயங்கரவாதம் பற்றிய ஆராய்ச்சி இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் ஒரு தனித்துறையாக வளர்ந்துவிட்டது. அதற்கென இதழ்கள் உண்டு, மாநாடுகள் உண்டு, அரசுகள் வழங்கும் நிதி உண்டு. அத்துறையினர் பாடம் கற்பதற்கு மீண்டும் மீண்டும் திரும்பி வரும் இடங்களுள் ஒன்று மலாயா. மலாயாவிலும் குறிப்பாகப் பேராக். ஈப்போவுக்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட் என்னும் சிற்றூரின் பெயரை அங்குள்ள தமிழ்ப்பள்ளி மாணவரைக் காட்டிலும் அயல்நாட்டுப் படைக்கல்லூரி மாணவர் நன்கறிவர் போலும்!

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் காலையில் எல்பில் தோட்டத்து நிர்வாகி ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்திற்குள் அண்மையிலிருந்த மற்றொரு தோட்டத்தில் ஜான் அல்லிசன், இயன் கிறிஸ்டியன் என்னும் இருவர் அவ்வாறே மாண்டனர். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரு நாளில் அது நாடு முழுமைக்கும் பரவிற்று; 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இம்மூவரின் பெயரும் இறந்த வேளையும் நூல்தோறும் பொறிக்கப்பட்டுள்ளன. அதில் தவறில்லை. கொலை கொலையே. ஆனால் அந்தக் காலையில் அதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் எத்தனை பேர்? துப்பாக்கிச் சத்தம் கேட்டபின் அவர்கள் எங்கே ஓடினர்? மறுநாள் பிரட்டுக்கு வந்தனரா? வந்தவரைப் போலீசார் என்ன கேட்டனர்? சில நூல்களில் அலுவலகத்திலிருந்த இந்திய எழுத்தர் ஒருவர் ஓரிரு வரியில் சாட்சியாக வந்து போகிறார். தோட்டத்துத் தமிழுலகத்திற்கு ஆராய்ச்சி ஒதுக்கிய இடம் அவ்வளவே.

இது தற்செயலான மறதி என்று கொள்வதற்கில்லை. ஆராய்ச்சி எங்கே தொடங்கியது, யாரைக் கேட்டது, எந்த மொழியில் கேட்டது என்பவற்றை நோக்கினால் காரணம் விளங்கும்.

அமெரிக்க அறிஞர் லூசியன் பை 1956இல் வெளியிட்ட நூல் மலாயாவின் கெரில்லாக் கம்யூனிசத்தைப் பற்றியது. ஒருவன் ஏன் ஆயுதம் ஏந்தினான் என்பதை அவனிடமே கேட்டறிய முயன்ற முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று. தீவிரவாதமயமாதல் என்று இக்காலத்தார் பெயரிட்டு நடத்தும் ஆய்வுக்கு அதனை ஒரு பாட்டன் எனலாம். அவர் பேட்டி கண்டவர் அறுபதின்மர், அனைவரும் சரணடைந்தவர், அனைவரும் சீனர். மாறிவரும் சமுதாயத்தில் வேரற்றுப்போன மனிதன் தன்னை இன்னார் என்று நிலைநிறுத்திக்கொள்ள இயக்கத்தை நாடினான் என்பது அவர் கண்ட முடிவு. சரணடைந்து, அரசின் கையில் உயிரை ஒப்படைத்துவிட்ட ஒருவன் அரசின் அனுமதியோடு வந்த அயலாரிடம் கூறியதைக் கொண்டு நாட்டின் நோயை அளந்தது எவ்வளவு பொருந்தும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பேராக்கின் ரப்பர்த் தொழிலாளர் தலைவராய் விளங்கி, அவசரகாலத்திற்கு முன்பே கைதான ஆர். ஜி. பாலனை அந்த அளவுகோல் எங்கே வைக்கும்? அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதியை எங்கே வைக்கும்? 1949 மே 3 அன்று வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார். இவர்களை நம்பிச் சங்கச் சந்தா கட்டிய தோட்டத் தொழிலாளி மன அமைதி தேடியா கட்டினான்? கூலிக்காகவும், கங்காணியின் வசவுக்கு ஒரு மறுமொழி வேண்டியுமே கட்டினான். 1948 மே இறுதியில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு, அடுத்த மாதமே சம்மேளனத்திற்குப் பதிவு மறுக்கப்பட்டது. அந்தக் கதவு மூடப்பட்டபின் எஞ்சிய வழி எது என்ற வினாவை உளவியல் கேட்பதில்லை. மைக்கேல் ஸ்டென்சன் கேட்டார். 1970இலும் 1980இலும் வெளிவந்த அவருடைய நூல்கள் கூலியையும் சங்கத்தையும் நடுவில் வைத்தன. சித்தியவானில் பிறந்த பி. ராமசாமியும் தோட்டத் தொழிலாளரைப் பற்றி 1994இல் விரிவாக எழுதினார். பாராட்டத்தக்க பணிகளே, இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன.

பெயரிடுதலிலேயே ஓர் அரசியல் ஒளிந்திருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் காட்டிலிருந்து போரிட்டவர் பிரிட்டனுக்குத் தோழர். அவர்களுள் காயமுற்றோருக்குப் பாப்பானில் மருந்திட்டு, அதற்காக ஜப்பானியரின் சித்திரவதைக்கு ஆளான சிபில் கார்த்திகேசுவுக்கு ஜார்ஜ் பதக்கம் அளிக்கப்பட்டது. அவ்வம்மையார் 1948 ஜூன் 12இல் பிரிட்டனில் உயிர் நீத்தார். நான்கு நாள் கழித்துச் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி வெடித்தது. அவர் மருந்திட்டவர்களின் இயக்கம் உடனே கொள்ளையர் கூட்டமாயிற்று. 1952இல் அரசாணையால் கொள்ளையர் என்ற சொல் நீங்கிக் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி என்ற சொல் வந்தது. ஜப்பானிய எதிர்ப்புக்காகப் பிரிட்டிஷ் விருது பெற்ற சித்தியவான் சின் பெங் இம்மூன்று பெயரையும் தம் ஒரே வாழ்நாளில் சுமந்தார். ஆட்சியாளர் தம் தேவைக்கேற்ப மாற்றிய சொல்லை ஆராய்ச்சியாளர் அறிவியல் வகைப்பாடாக எடுத்துக்கொள்வது என்ன நேர்மை?

இனி வேலியைப் பார்க்க வேண்டும். 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். இதனைப் பற்றி நூல்கள் குவிந்துள்ளன. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இருந்த தொழிலாளர் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஓரிடத்தில் ஒடுக்கிக் குடியமர்த்தப்பட்டனர் என்பதும் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கே. எண்ணிக்கையில் அதுவே பெரிது. ஆயினும் நூல்களில் அது ஒரு வாக்கியம். சிலவற்றில் ஓர் அடிக்குறிப்பு. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. வாயிலில் சோதனை நடந்தது. வேலிக்கு வெளியே சோறு கொண்டுபோவதற்குத் தடை வந்தது. விடியுமுன் எழுந்து, நிரையில் இறங்கி, வெயில் ஏறும்வரை மரம் வெட்டுகிறவள் பசிக்கு என்ன செய்தாள்? வாயிலில் அவள் உடலைத் தடவிப் பார்த்தவர் யார்? மறுபக்கத்தில், காட்டிலிருந்து வந்தவர் அவள் வெட்டும் மரங்களைச் சிதைத்தனர். அடையாள அட்டையைப் பறித்துக் கிழித்தனர். காட்டிக்கொடுத்தவன் என்று ஐயுற்றவனைக் கொன்றனர். சிதைந்த மரத்தில் பால் இல்லை. பால் இல்லையேல் கூலி இல்லை. அட்டை இல்லாதவனைப் போலீசார் பிடித்தனர். இரு பக்கத்துத் துப்பாக்கிக்கும் நடுவில் இருந்தவளின் நாளை ‘மக்கள் ஆதரவு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியுமா?

அடக்கியிருக்கிறார்கள். மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் 1961இல் வியட்நாமுக்கு ஆலோசகராகச் சென்றார். அங்கே மறுஆண்டில் அரண்கிராமத் திட்டம் எழுந்து, சில ஆண்டுகளில் சிதைந்தது. 2002இல் ஜான் நாகல் என்னும் அமெரிக்கப் படை அதிகாரி மலாயாவையும் வியட்நாமையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். அவரும் பங்கு கொண்டு 2006இல் வெளிவந்த படைக் கையேடு ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போயிற்று. இதயங்களையும் மனங்களையும் வென்ற கதை என்று மலாயாவை ஊரூராக விற்றாயிற்று. வெல்லப்பட்டதாகச் சொல்லப்படும் இதயங்களுள் தோட்டத் தமிழரின் இதயமும் இருந்திருக்க வேண்டும். எந்த மொழியில் அதைக் கேட்டறிந்தனர்?

தொழிலாளி தமிழில் கூறியதைக் கிராணி துரைக்கு ஆங்கிலத்தில் கூறினார். துரை தமக்கு வேண்டியதை மட்டும் தொழிலாளர் இலாகாவுக்கு எழுதினார். இலாகா சுருக்கி இலண்டனுக்கு அனுப்பியது. அரைநூற்றாண்டு கழித்து ஆய்வாளர் இலண்டன் ஆவணக் காப்பகத்தில் அதைத் திறந்து, ‘இந்தியத் தொழிலாளர் அமைதியாக இருந்தனர்’ என்று குறிப்பெடுக்கிறார். அந்த ஏடுகளும் முழுமையானவை என்று சொல்வதற்கில்லை. பிரிட்டிஷார் வெளியேறியபோது உடன் கொண்டுசென்று மறைத்த குடியேற்ற நாட்டுக் கோப்புகள் 2012இலிருந்துதான் பொதுமக்கள் பார்வைக்கு வரலாயின. மலாயாக் கோப்புகளும் அவற்றுள் அடங்கும். மலேசிய அரசே ஆவணங்களைத் திறந்துவிட்டு எழுதச் சொன்ன அந்தோணி ஷார்ட்டின் வரலாறும் முடிந்தபின் ஏற்கப்படாமல் போய், 1975இல் இலண்டனில்தான் வெளிவந்தது. ஏடு இத்தகையதென்றால் வாய்மொழியின் மதிப்பு இரட்டிப்பாகிறது.

சீனர் இதனை உணர்ந்துவிட்டனர். காட்டிலிருந்த பெண்களின் நினைவுகளை ஆக்னஸ் கூ 2004இல் தொகுத்தார். புதுக்கிராமத்து முள்வேலி வாழ்க்கையை, அங்கிருந்தோரின் வாய்மொழியையும் கொண்டு, தான் தெங் பீ 2020இல் நூலாக்கினார். தோட்டத்து வேலிக்கு இணையாகத் தமிழில் ஒரு நூலைக் காட்டுக என்றால் தமிழாசிரியர் விழிக்க நேர்கிறது. புனைகதையில் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ உண்டு. அதுவும் சிலாங்கூரைப் பற்றியது. நாவல் செய்வதை நாவல் செய்தது. சான்று திரட்டும் கடமையை அதன் தலையில் கட்டுவது முறையாகாது. மேடைகளிலோ கணபதியைப் பற்றி முழக்கம் கேட்கிறது. தியாகி என்று கூறி மாலை சூட்டிவிட்டால் கேள்வி கேட்கும் தொல்லை இல்லை அல்லவா? அயல்நாட்டார் பயங்கரவாதி என்ற சொல்லால் மூடியதை உள்ளூரார் தியாகி என்ற சொல்லால் மூடுகின்றனர். இரண்டிலும் சந்தா கட்டிய தொழிலாளியைக் காணோம்.

இப்பொருளைத் தொடுவது ஆபத்து என்பார் உளர். அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. அவசரகாலம் முடிந்த கையோடு 1960இல் வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012 வரை உயிரோடிருந்தது; இரண்டு தலைமுறைத் தோட்டத்து மக்கள் வாயைப் பொத்தி வாழப் பழகினர். ஆனால் 1989இல் ஹட் யாய் நகரில் அரசே கம்யூனிஸ்டுக் கட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டது. எண்பது வயதுக் கிழவியிடம் ‘வாசலில் என்ன சோதித்தார்கள், பாட்டி?’ என்று கேட்பது எந்தச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்?

சுங்கை சிப்புட்டில் 1954இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் இருக்கிறது. அவசரகாலத்தின் நடுவிலே, வேலிகள் நின்றபோதே எழுந்த பள்ளி அது. அதில் முதன்முதல் அமர்ந்த பிள்ளைகளே அவசரகாலத்தின் சாட்சிகள். ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் ஆண்டுதோறும் கட்டுரைப் போட்டி நடத்துகின்றன; தலைப்புகள் தாய்மொழிப் பற்று, ஒற்றுமை, சிக்கனம். ஓர் ஆண்டு அத்தலைப்புகளுக்கு ஓய்வு தந்து, ஒவ்வொரு மாணவரையும் ஒரு முதியவரிடம் அனுப்பலாம். எந்தத் தோட்டம், எத்தனை லயம், வேலி எந்த ஆண்டில் வந்தது, அரிசி எவ்வளவு கிடைத்தது, இரவில் கதவைத் தட்டியவர் யார், எவர் வீட்டில் எவர் திரும்பி வரவில்லை எனக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவரச் செய்யலாம். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன. 1948இல் பத்து வயதாயிருந்தவர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டார். பலர் ஈப்போ அடுக்குமாடி வீடுகளில் மக்களோடு வாழ்கின்றனர். அடுத்த கட்டுரைப் போட்டியின் தலைப்பு இன்னும் முடிவாகவில்லையெனில் காலம் இருக்கிறது.