கப்பலுக்கு வயசா பிரச்சினை?

"பழைய கப்பலா? வேண்டவே வேண்டாம்" என்கிறது ஒரு கூட்டம். "டிக்கெட் மலிவு, அப்பாவை அனுப்பு" என்கிறது இன்னொன்று. ரெண்டுமே தப்புக் கணக்கு!

2021-ல் இந்தியாவில் ஓடத் தொடங்கிய கோர்டேலியாவின் எம்ப்ரஸ், 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்று கடலில் இறங்கியது. அதனாலென்ன? இரணியல் ஸ்டேஷனில் ரயிலேறவே மூச்சு வாங்குகிறவருக்கு, சின்னக் கப்பலில் நடை குறைவது லாபம்தான்.

வில்லங்கம் வேறு இடத்தில். பழைய கப்பல்களில் பாத்ரூம் வாசலில் தடுக்கும் மேடு, வீல்சேர் நுழையாத கதவு, விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வசதியான அறைகள். கப்பல் கரைக்கு வராமல் நடுக்கடலில் நின்றால் சின்னப் படகில் இறங்க வேண்டும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில், அலையில் காலெடுத்து வைக்கிற முதியவரைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். காசு கட்டியவர் அறையிலேயே கிடக்க, மற்றவர்கள் ஊர் சுற்றுவார்கள்.

ஏஜென்டிடம் கப்பலின் வயசை விடுங்கள். கதவின் அகலத்தை எழுத்தில் வாங்குங்கள். பால்கனி போட்டோவை மட்டும் நீட்டினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் ஐயா!