வேடத்தைக் கும்பிட்டார்கள், பெண்ணை ஏசினார்கள்!

1950-ம் ஆண்டு மார்ச் மாதம் 14-ந் தேதி. அமெரிக்க நாட்டின் செனட் சபையில் ஓர் உறுப்பினர் எழுந்தார். அவர் பெயர் எட்வின் ஜான்சன். அன்று அவர் போரைப் பற்றிப் பேசவில்லை. வரியைப் பற்றியும் பேசவில்லை. ஒரு சினிமா நடிகையைப் பற்றிப் பேசினார். அவர் தீமையைப் பரப்பும் பெண் என்று சாடினார். நடிகர், நடிகைகளுக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும், ஒழுக்கம் தவறினால் அதைப் பறிக்க வேண்டும் என்று ஒரு யோசனையையும் சொன்னார்.

ஒரு நாட்டின் பெரிய சபையில் பேசும் அளவுக்கு அந்த நடிகை செய்தது என்ன?

அவர்தான் இங்கிரிட் பெர்க்மன். சுவீடன் நாட்டில் பிறந்து உலகப் புகழ் பெற்றவர்.

தாய் தந்தையை இழந்தவர்

இங்கிரிட் 1915-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். மூன்று வயது நிறைவதற்குள் தாய் இறந்தார். தந்தை போட்டோ கடை வைத்திருந்தார். மகளைப் படம் பிடித்து மகிழ்ந்த அந்தத் தந்தையும், இங்கிரிடுக்கு 13 வயதானபோது காலமானார். பிறகு உறவினர் வீட்டில் வளர்ந்தார். கூச்சம் மிகுந்த அந்தப் பெண்ணுக்கு நடிப்பு ஒன்றுதான் துணை.

1933-ல் ஸ்டாக்ஹோமின் அரச நாடக மன்றப் பள்ளியில் சேர்ந்தார். ஓராண்டிலேயே சினிமா அழைத்தது. 1936-ல் வந்த "இண்டர்மெசோ" என்ற சுவீடன் படம் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அமெரிக்கப் பட அதிபர் டேவிட் செல்ஸ்னிக் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தார்.

பெயரை மாற்று, புருவத்தைத் திருத்து, பல்லைச் சீர் செய் என்றார் முதலாளி. "முடியாது" என்று சொல்லிவிட்டார் இங்கிரிட். புதிதாக வந்த பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல்! கடைசியில் முதலாளிதான் இறங்கி வந்தார்.

புகழ் ஏறியது

1942-ல் "காசாபிளாங்கா" வந்தது. கணவனுக்கும் பழைய காதலனுக்கும் இடையே தவிக்கும் பெண்ணாக நடித்தார். 1944-ல் "கேஸ்லைட்". மனைவிக்குப் பைத்தியம் என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கும் கணவனின் கதை. அந்த மனைவி வேடத்துக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது. 1945-ல் கன்னியாஸ்திரீயாக நடித்தார். 1946-ல் நியூயார்க் மேடையில் ஜோன் ஆப் ஆர்க்காக நடித்தார். 1948-ல் அதே ஜோனாகப் படத்திலும் நடித்தார்.

1946-ல் அந்த நாடகம் முதலில் வாஷிங்டன் நகரில் நடந்தது. அந்த அரங்கில் நீக்ரோ மக்களுக்கு அனுமதி இல்லை என்று பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று நிருபர்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். நாடு முழுவதும் கொண்டாடிய நேரத்தில் நாட்டின் குறையை எடுத்துச் சொல்லும் நெஞ்சுரம் அவருக்கு இருந்தது.

பழி வந்தது

இத்தாலி டைரக்டர் ரோபர்ட்டோ ரோசெலினியின் படங்களைப் பார்த்து வியந்தார் இங்கிரிட். உங்கள் படத்தில் நடிக்க ஆசை என்று கடிதம் எழுதினார். 1949-ல் "ஸ்ட்ராம்போலி" படத்தில் நடிக்க இத்தாலிக்குப் போனார். டைரக்டர் மீது காதல் கொண்டார். அப்போது அவருக்குக் கணவர் இருந்தார். பத்து வயதில் பியா என்ற மகளும் இருந்தாள். 1950 பிப்ரவரியில் ரோசெலினியின் மகனைப் பெற்றார். அப்போது இருவருக்கும் திருமணம் ஆகவில்லை.

அமெரிக்கா கொதித்தது. அவர் படங்களைப் பார்க்காதே என்று குரல்கள் எழுந்தன. அடுத்த மாதம் செனட் சபையிலும் அதே பேச்சு.

அவர் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. கணவர் மனம் புண்பட்டது. பத்து வயதுக் குழந்தை தாயைப் பிரிந்தது. மகளை இத்தாலிக்கு அழைத்துக்கொள்ள 1952-ல் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டு மறுத்தது. தாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை ஏது? அந்தக் கணக்கு அந்தக் குடும்பத்துக்குள் தீர வேண்டிய கணக்கு.

நாட்டுக்கு ஏன் அத்தனை ஆத்திரம்? கன்னியாஸ்திரீ அங்கியைத் தைத்தவர் ஸ்டூடியோ தையல்காரர். ஜோனின் வசனத்தை எழுதியவர் வேறு ஒருவர். இங்கிரிட் நடித்தார், சம்பளம் வாங்கினார். ஜனங்களோ அவரைப் புனிதவதி என்றே நம்பிவிட்டார்கள். அந்தப் பட்டத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. தாங்களே கொடுத்த பட்டம் பொருந்தவில்லை என்றதும் ஏமாற்றிவிட்டாள் என்று கூவினார்கள்!

டிக்கெட் வாங்கியவனுக்கு நடிப்பைக் குறை சொல்ல உரிமை உண்டு. நடிப்பவரின் வீட்டுக் கதவைத் தட்ட அந்த டிக்கெட் செல்லாது.

உழைப்பே பதில்

இங்கிரிட் சண்டைக்குப் போகவில்லை. உழைத்தார். இத்தாலியில் நடித்த படங்கள் ஓடவில்லை. அவற்றுள் ஒன்றான "இத்தாலிப் பயணம்" படத்தைப் பிற்காலத்தில் அறிஞர்கள் புகழ்ந்தார்கள். 1956-ல் "அனஸ்தேசியா" வந்தது. 1957-ல் அதே அமெரிக்கா இரண்டாவது ஆஸ்கார் கொடுத்தது. அவர் நேரில் வரவில்லை. நடிகர் கேரி கிராண்ட் பெற்றுக்கொண்டார்.

1972-ல் செனட் சபையில் சார்லஸ் பெர்சி என்ற உறுப்பினர் பேசினார். 22 ஆண்டுகளுக்கு முன் நடந்த பேச்சுக்காக வருத்தம் தெரிவித்தார்.

1974-ல் "ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை" என்ற படத்தில் சிறிய வேடத்தைக் கேட்டு வாங்கி நடித்தார். அதற்கு மூன்றாவது ஆஸ்கார்! 1975-ல் அமெரிக்காவில் நாடகம் நடத்தியபோது கால் எலும்பு முறிந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து நடித்தார். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி என்று எந்த மொழி மேடையானாலும் அஞ்சவில்லை.

1978-ல் தாய்மொழிக்குத் திரும்பினார். இங்மார் பெர்க்மன் டைரக்ட் செய்த "இலையுதிர்கால சொனாட்டா" படத்தில் ஒரு பியானோ மேதையாக நடித்தார். கலைக்காக மகளைக் கவனிக்காமல் விட்ட தாய் அவள். வளர்ந்த மகள் அந்தத் தாயைக் கேள்வி கேட்கிறாள். தன் வாழ்க்கையை நினைவூட்டும் அந்த வேடத்தை அவர் ஒதுக்கவில்லை. அவரை ஏசியவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு இருந்திருக்கும்?

அப்போதே புற்றுநோய் பீடித்திருந்தது. கை வீங்கிய நிலையிலும் இஸ்ரேல் பிரதமராக இருந்த கோல்டா மேயர் வேடத்தில் டெலிவிஷனுக்காக நடித்தார். 1982 ஆகஸ்டு 29-ந் தேதி, தமது 67-வது பிறந்த நாளன்று, லண்டனில் காலமானார். கோல்டா வேடத்துக்கு எம்மி பரிசு கிடைத்தது. தாயின் சார்பில் அதை மேடையேறி வாங்கியவர் மகள் பியா.

மகள் தாய்க்காக மேடையேறினார். செனட் சபையில் வருத்தம் பதிவாயிற்று. 2015-ல் அமெரிக்காவும் சுவீடனும் அவருக்குத் தபால் தலை வெளியிட்டன.

இன்றும் நடிகர், நடிகைகளைத் தெய்வமாக்குகிறவர்கள் உண்டு. மறுநாளே மண்ணை வாரித் தூற்றுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இருவரும் ஒரே ஆட்கள்தான்! நடிப்பு நன்றாக இருந்தால் கை தட்டுவோம். இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுவோம். அதற்கு மேல் அவர்களும் நம்மைப்போல் மனிதர்கள்.