பனிக்கும் கணக்கு வேண்டும்!

டாவோஸ் என்றதும் பலருக்கு உலகத் தலைவர்கள் கூடும் மாநாடுதான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த ஊர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் காலையில் எழுந்ததும், "இரவு எவ்வளவு பனி விழுந்தது?" என்று கேட்பார்கள். பதில் சில சமயம் உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

டாவோஸ், சுவிட்சர்லாந்து நாட்டில் ஆல்ப்ஸ் மலைமேல் உள்ள ஊர். உயரம் 1,560 மீட்டர். அதாவது, 5 ஆயிரம் அடிக்கு மேல். இருபுறமும் மலை. நடுவே பள்ளத்தாக்கு. அதில் நீளமாக ஊர்.

கோடையில்தான் அதிக மழை

பனி கொட்டும் ஊர் என்றால், குளிர்காலத்தில்தான் வானம் அதிகம் பொழியும் என்று எண்ணத் தோன்றும். அது தவறு!

பனியையும் தண்ணீராகக் கணக்கிட்டால், டாவோசில் ஓர் ஆண்டில் விழுவது சுமார் 1,000 மில்லிமீட்டர். பிப்ரவரி மாதத்துக்கு உரியது சுமார் 50 மில்லிமீட்டர்தான். ஆகஸ்டு மாதத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்!

காரணம் எளிது. குளிர்ந்த காற்று அதிக ஈரத்தைச் சுமக்காது. கோடையில் காற்று சூடேறும். ஈரத்தைச் சுமந்து மலைச்சரிவில் மேலே ஏறும். அங்கே குளிர்ந்து, மாலையில் இடியும் மழையுமாகக் கொட்டும்.

அப்படியானால் குளிர்காலத்தில் அவ்வளவு பனி எப்படி? புதுப்பனி பஞ்சு போன்றது. பத்து சென்டிமீட்டர் பனியை உருக்கினால், சுமார் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கும். தண்ணீர் கொஞ்சம், குவியல் பெரிது!

கோடை மழை கைச்செலவுப் பணம். வந்ததும் ஆற்றோடு போய்விடும். குளிர்காலப் பனி சேமிப்புப் பணம். மலை அதைப் பூட்டி வைத்திருந்து, வசந்த காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஆறும் வயலும் அதனால் பிழைக்கும்.

சேமிப்பே எமன் ஆகும்

அந்தச் சேமிப்பு சில நாட்களில் எமனாகவும் மாறும். பனி ஒரே நாளில் விழுவது அல்ல. அடுக்கு அடுக்காகச் சேரும். அடியில் ஓர் அடுக்கு சர்க்கரை போல உதிரியாக இருந்தால், மேலே உள்ள பாரம் வழுக்கி வரும். இதுவே பனிச்சரிவு. வீடு, மரம், சாலை எதையும் விடாது.

1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவுகளில் 98 பேர் இறந்தார்கள். 1968-ம் ஆண்டு சனவரியில் டாவோசும் உயிர்களைப் பறிகொடுத்தது. 1999-ம் ஆண்டு பிப்ரவரியில் மறுபடியும் பெரும் பனி. இதற்குள் மலைகளில் வீடுகளும் விடுதிகளும் பெருகி இருந்தன. ஆனாலும் ஊர்களிலும் சாலைகளிலும் இறந்தவர்கள் 17 பேர்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? கணக்கில் இருந்து!

டாவோசுக்கு மேலே வைஸ்ஃபுளுயோக் என்ற இடம் உண்டு. உயரம் 2,540 மீட்டர். அங்கே 1936-ம் ஆண்டு முதல் பனியை அளந்து எழுதி வருகிறார்கள். பள்ளம் தோண்டி அடுக்குகளையும் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கைக் கொண்டுதான் எச்சரிக்கை விடுகிறார்கள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடம் போடுகிறார்கள். சரிவுகளில் இரும்புத் தடுப்புகள் எவ்வளவு உயரம் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.

செலவு வீணா?

"கருவிகள் வந்துவிட்டன. வானில் செயற்கைக்கோள் சுற்றுகிறது. இன்னும் மனிதர் குளிரில் நின்று குழி தோண்ட வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம்.

வேண்டும். மேலிருந்து பார்த்தால் பனியின் தோல்தான் தெரியும். உதிரியான அடுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். அதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

அதே 1999 பிப்ரவரியில், பக்கத்து நாடான ஆஸ்திரியாவில், கால்ட்டூர் என்ற ஊரில் 31 பேர் மாண்டார்கள். பத்திரமான இடம் என்று நம்பிய வீடுகள்மீதே பனி சரிந்து விழுந்தது. மலை நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டும் கோபம், பத்து ஆண்டுக் கணக்கில் அகப்படாது. கணக்கு நீள நீளத்தான் உண்மை தெரியும்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. பழைய நாட்களைவிட சுவிட்சர்லாந்தில் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் கூடிவிட்டது. முன்பு பனியாக விழுந்ததில் ஒரு பங்கு இன்று மழையாக விழுகிறது. மழையானால் சேமிப்பு இல்லை. உடனே ஓடிவிடும். இருக்கும் பனிமேல் மழை பெய்தால், பனி நனைந்து பாரமாகிச் சரியும். தாத்தா கண்ட மலை வேறு. பேரன் காணும் மலை வேறு. பழைய அனுபவத்தை மட்டும் நம்பினால் மோசம் போக நேரும்.

மழையையும் பனியையும் நிறுத்த மனிதனால் முடியாது. அளந்து எழுத முடியும். விடாமல் எழுதிய ஒரு நோட்டு, நூறு வீடுகளைக் காக்கும். அந்த நோட்டுக்குச் செய்யும் செலவைக் குறைப்பது சிக்கனம் அல்ல; அறியாமை!