கைராசியும் காலமும்

எங்கள் ஊர்ப் பெண்கள் அடிக்கடி சொல்லும் ஒரு பேச்சு உண்டு. "அவட கை ராசியான கை, எதை நட்டாலும் வரும்" என்பார்கள். அதே மூச்சில், "என்ட கைக்கு ஒண்டும் வராது" என்றும் சொல்வார்கள். இந்த இரண்டாவது பேச்சை நம்பியே எத்தனையோ வளவுகள் வெறும் மணலாகக் கிடக்கின்றன. எங்கள் உம்மாவும் அதை நம்பியவர்தான். கைராசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி காலமறிந்து நடுவதுதான் என்பது என் கருத்து. அதை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு தோல்வி. முதலில் அதைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் இருக்கிறது. வாப்பா கடற்றொழில் செய்பவர். 2022ஆம் ஆண்டில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் அவருடைய வள்ளம் நாட்கணக்கில் கரையிலேயே கிடந்தது. நான் அப்போது ஒன்பதாம் தரம். சந்தைக்குப் போன உம்மா பாதிப் பையோடு திரும்பி வந்த காலம் அது. அந்த ஜூன் மாதம் நாடெங்கும் வீட்டுத்தோட்டம் பற்றித்தான் பேச்சு. அரச ஊழியர்கள் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுக்க அரசாங்கம் தீர்மானித்ததும் அந்த மாதத்தில்தான். உம்மாவுக்கும் நம்பிக்கை வந்தது. சீட்டுக் காசில் ஒதுக்கி வைத்திருந்ததை எடுத்து, கொச்சிக்காயும் தக்காளியுமாக நாற்பது நாற்றுகள் வாங்கி வந்தார்.

விறாந்தையில் இருந்த மூத்தம்மா, "இப்ப நடாத புள்ள. கச்சான் அடிக்குது. மழை வரட்டும்" என்றார். யாரும் அதைக் கேட்கவில்லை. பசிக்கிற நேரத்தில் மழை வரும்வரை யார் காத்திருப்பது?

நானும் உம்மாவும் ஒவ்வொரு பின்னேரமும் கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றினோம். மணல் ஒரு நிமிடத்தில் குடித்துவிடும். பகலில் அடிக்கும் காற்று மிச்ச ஈரத்தையும் எடுத்துவிடும். முதல் கிழமையில் இலைகள் கருகின. அடுத்த கிழமையில் தப்பிய கன்றுகளின் குருத்து சுருண்டது. மூன்றாவது கிழமை முடியும்போது நாற்பதில் ஐந்துதான் மிஞ்சின. உம்மா அவற்றையும் பிடுங்கி வேலியோரம் எறிந்துவிட்டு, "என்ட கைக்கு ஒண்டும் வராது மகள்" என்றார். அந்தக் காசு எங்களுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு. எவ்வளவுக்கு வாங்கினார் என்பதை அவர் வாப்பாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

உயர்தரத்தில் புவியியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் மூத்தம்மா சொன்னதன் காரணம் எனக்கு விளங்கியது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. அந்த ஈரத்தை மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது அது வெப்பமான, வறண்ட காற்றாகிவிடுகிறது. அதைத்தான் நாம் கச்சான் என்கிறோம். ஜூன் மாதத்தில் களுத்துறையிலும் இரத்தினபுரியிலும் நட்டால் வானம் தண்ணீர் ஊற்றும். எங்கள் ஊரில் நட்டால் நாம்தான் ஊற்ற வேண்டும். எங்களுக்கு வானம் திறப்பது ஒக்டோபரில். இடி மின்னலோடு வரும் இடைப்பருவ மழையும், அதன்பின் பெப்ரவரி வரை நீளும் வடகீழ்ப் பருவமழையும்தான் எங்கள் மழை. சின்ன நாடுதான், ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நாட்காட்டி.

எங்கள் ஊர் வயற்காரர்களுக்கு இது தெரியாத விடயமல்ல. மழையை நம்பி விதைப்பது பெரும்போகத்தில். சிறுபோகத்தில் விதைப்பவர்களுக்குச் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் வருகிறது. எங்கள் வளவுக்கு அப்படி ஒரு சமுத்திரம் இல்லை. ஒரு கிணறு இருக்கிறது. அதுவும் கோடை முற்றினால் உவர்க்கத் தொடங்கிவிடும். வயலுக்குப் போகம் பார்க்கும் நாம், வளவுக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

இதில் பாடசாலைகளுக்கும் பங்கு உண்டு என்று தாழ்மையுடன் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 5ஆம் திகதி உலக சுற்றாடல் தினம். அன்று கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம். அது உலகத்துக்கெல்லாம் பொதுவாகக் குறித்த நாள். கிழக்குக் கரையின் மழையைப் பார்த்துக் குறித்த நாளல்ல. நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்று கேட்டால் பல நேரம் பதில் இருக்காது. ஜூன் 5இல் பேச்சும் சுவரொட்டியும் கூட்டெருக் குழி வெட்டுதலும் இருக்கட்டும். கன்று நடும் நாளை ஒக்டோபருக்கு மாற்றுவோம். நட்ட மரத்திலிருந்து ஒரு பறவை உண்டாலும் அது சதகா என்று சிறு வயதிலேயே மத்ரஸாவில் படித்திருக்கிறோம். அந்தப் பறவை வருவதற்கு மரம் உயிரோடு இருக்க வேண்டுமே.

சரி, எந்த மாதத்தில் என்ன செய்யலாம்? மூத்தம்மாவிடம் கேட்டதையும் மூன்று பெரும்போகங்களாக நாங்கள் செய்து பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இது கிழக்கின் மணற்பாங்கான கரையோரத்துக்கு உரியது.

செப்டெம்பர் மாதம் நாற்றுக்கு உரியது. மாத நடுவில் கொச்சிக்காய், கத்தரி விதைகளை நிழலான இடத்தில் ஒரு பழைய தாச்சியிலோ பெட்டியிலோ போடுங்கள். நான்கைந்து கிழமையில் நாற்று தயாராகும்போது மழையும் வந்துவிடும். ஒக்டோபரில் நாற்றுகளைப் பிரித்து நடுங்கள். வெண்டியையும் பயற்றையும் நாற்றுப் போடாமல் நேரே நிலத்திலேயே ஊன்றலாம். மரவள்ளித் தடி நடவும் இதுவே நேரம்.

நவம்பர், டிசெம்பர் மாதங்களில் தண்ணீர் குறைவதல்ல, கூடுவதுதான் பிரச்சினை. அதனால் மாரிக்குப் பாத்தியை ஒரு அடியாவது உயர்த்திக் கட்டி, சுற்றிவரக் கான் வெட்ட வேண்டும். அடைமழை மணலில் போட்ட பசளையைக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும். ஆகையால் கூட்டெருவை ஒரே தடவையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போடுவது நல்லது. தக்காளி அடைமழையைத் தாங்காது. அதற்கு மட்டும் அவசரப்படாமல், பெருமழை ஓயும் ஜனவரியில் நடுங்கள். வற்றாளைக் கொடியையும் அப்போது நடலாம். மாரி ஈரம் நிலத்தில் இருக்கும்போதே அது வேர் பிடித்துவிடும்.

மார்ச், ஏப்ரலில் கடைசி அறுவடை. இந்த நேரத்தில் நல்ல வெண்டிக்காய், கத்தரிக்காய் சிலவற்றைப் பறிக்காமல் முற்றவிட்டு விதை எடுத்து வையுங்கள். அடுத்த ஆண்டுக்கு விதைக் காசு மிச்சம். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சானோடு சண்டை பிடிக்க வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை, தேசி போன்ற ஊன்றிய மரங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். கிணற்றடியில் தண்ணீர் வழியும் இடத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் இருக்கட்டும். வுழூச் செய்யும் தண்ணீரில் சவர்க்காரம் இல்லை. அதை ஒரு கானில் திருப்பிவிட்டால் ஒரு கீரைப் பாத்தி ஐந்து வேளையும் நனையும். மற்றபடி அந்த மாதங்கள் மண்ணுக்கு உரியவை. குசினிக் கழிவையும் சருகையும் ஆட்டெருவையும் சேர்த்துக் கூட்டெரு செய்யலாம். மரம் வைக்கப் போகும் குழிகளில் தேங்காய் உரிமட்டைகளைப் புதைத்து வைக்கலாம். மழைத் தண்ணீரை அவை உறிஞ்சி நெடுநாள் வைத்திருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஆண்டில் நாற்பது வேண்டாம். ஆறு வெண்டி, நான்கு கொச்சிக்காய், ஒரு பாத்திக் கீரை போதும். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வந்துவிடும். ஏறத்தாழ ஐம்பது நாளில் முதல் வெண்டிக்காய் பறிக்கலாம். முதல் தடவை கையில் ஏதாவது கிடைத்தால்தான் அடுத்த தடவை மனம் வரும். ஏற்கனவே தோட்டம் செய்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். கத்தரி, தக்காளி, கொச்சிக்காய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும். ஆகவே ஒரே பாத்தியில் அவற்றை மாறி மாறி நடாமல், இடையில் பயற்றையோ கீரையையோ வையுங்கள். வெண்டியை ஒரே நாளில் ஊன்றாமல் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊன்றினால் ஒரேயடியாகக் காய்த்து வீணாகாது.

"தண்ணீர் இருந்தால் எந்த மாதமும் நடலாமே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். நிழல்வலை கட்டி, மோட்டர் போட்டு, கோடையிலும் அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வலையும் மோட்டரும் மின்சாரப் பட்டியலும் காசு. வீட்டுத்தோட்டம் அதிகம் தேவைப்படுவது அந்தக் காசு இல்லாத வீட்டுக்குத்தான். மழையின் மாதத்தில் நட்டால் பாதி வேலையை மழை செய்கிறது. கோடையில் நட்டால் அந்தப் பாதி வேலையும் ஒரு பெண்ணின் முதுகில் ஏறுகிறது. கன்று செத்தால் பழியும் அவளுடைய கைக்குத்தான் வருகிறது. இதுதான் எனக்குப் பெரிய கவலை. பிழையான மாதத்தில் நாற்றைக் கொடுத்து நடச் சொல்பவர்கள் அந்தப் பழியை ஏற்பதில்லை.

அந்த 2022 ஒக்டோபரில் முதல் மழை மணந்தபோது மூத்தம்மா என்னைக் கூப்பிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெண்டி விதைகளைத் தந்தார். உம்மா பக்கத்தில் வரவில்லை. மூத்தம்மா விடவில்லை. "ஒரு வரிசைய நீ ஊன்று புள்ள" என்று உம்மாவின் கையில் எட்டு விதைகளை வைத்தார். எட்டில் ஏழு முளைத்தன. டிசெம்பரில் உம்மா தன் வரிசையிலிருந்து பறித்த வெண்டிக்காயைக் கறி வைத்து, வாப்பாவின் கோப்பையில் முதலில் போட்டார். ஜூனில் நாற்று நட்டதும் அதே கைதான்.

இப்போது ஒவ்வொரு செப்டெம்பரிலும் எங்கள் வீட்டுத் தாச்சியில் நாற்று நிற்கிறது. பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "என்ட கைக்கு வராதே" என்பார். உம்மா நாற்றை நீட்டிக்கொண்டே சொல்வார்: "கையில ஒண்டுமில்ல மாமி. மழை வருது, நடுங்க."

வாசிக்கும் தாய்மாருக்கும் தோழிகளுக்கும் நானும் அதையே சொல்கிறேன். உங்கள் கையைக் குறை சொல்லுமுன் நாட்காட்டியைப் பாருங்கள்.

- உயர்தர கலைப் பிரிவு மாணவி