வெயில்காரனுக்கு வெயில் விற்கிறார்கள்

சின்னதாக ஒரு பூகோளக் கேள்வி. கொழும்பு எந்த மண்டலத்தில் இருக்கிறது? வெப்ப மண்டலத்தில். கரெக்ட். வேம்பார்?

ரொம்ப யோசிக்காதீர்கள். அதுவும் வெப்ப மண்டலம்தான். தூத்துக்குடி மாவட்டத்தின் வடக்குக் கோடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வேம்பார், பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 9 டிகிரி. கொழும்பு சுமார் 7. லண்டன் 51. கடக ரேகை குஜராத், மத்தியப் பிரதேசம் வழியாகப் போகிறது. அதற்குத் தெற்கே இருக்கிற நீங்களும் நானும் பிறந்ததிலிருந்தே வெப்ப மண்டலவாசிகள்.

இது நமக்கே மறந்துவிட்டது என்பதுதான் என் புகார்.

வேம்பாரைச் சொந்த ஊராகக் கொண்ட ஒரு தம்பி, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தனியாக ஒரு வாரம் இலங்கைக்குக் கிளம்பினார். கையில் ஒரு பட்டியல்: 'வெப்ப மண்டல நாட்டுக்குத் தனியே செல்பவர் எடுத்துப் போக வேண்டியவை.' லினன் சட்டை மூன்று, சீக்கிரம் உலரும் விசேஷத் துண்டு, அகல விளிம்புத் தொப்பி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, மலேரியா மாத்திரை, தாது உப்புப் பவுடர், மடக்குக் கொசுவலை... நாற்பது சாமான். பில் பதினோராயிரத்துச் சொச்சம்.

"தம்பி, ஊர்ல வெயிலுக்கு அப்பா என்ன உடுத்துவார்?" என்று கேட்டேன்.

"சாரமும் துண்டும்தான் அண்ணாச்சி."

அதே சாரம்தான் அக்கரையிலும். பெயர்கூட மாறவில்லை!

இந்தப் பட்டியல் யாருக்காக எழுதப்பட்டது? டிசம்பரில் பனி கொட்டும் ஊரிலிருந்து வருகிறவருக்காக. அவருக்கு வியர்வை புதுசு, கொசு புதுசு, தாகம்கூடப் புதுசு. அவர் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டால் நியாயம். அதை அப்படியே தமிழ்ப்படுத்தி வேம்பார்க்காரரிடம் நீட்டினால் அதற்கு என்ன பெயர்? வெயில்காரனுக்கே வெயிலை விற்பது.

சரி, விற்கிற பட்டியலாவது சரியாக இருக்கிறதா? மலேரியா மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. நம் நாட்டுக்கு இன்னும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. மலேரியா உள்ள ஊரிலிருந்து இல்லாத ஊருக்கு மாத்திரை சுமக்கிறோம்! அங்கே பயப்பட வேண்டியது டெங்கு. அந்தக் கொசு பகலில் கடிக்கும். ராத்திரி கட்டுகிற வலை பகலில் என்ன செய்யும்? முழுக்கைச் சட்டையும் ஒரு ட்யூப் ஓடோமாஸும் போதும். தாது உப்புப் பவுடருக்குப் பதில் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு. முடிந்தது கதை.

உண்மையிலேயே தேவைப்படும் ஒரு சாமான் அந்த நாற்பதில் இல்லை. இலங்கையில் பல இடங்களில் சுவர் பிளக் நம்முடையது போல உருண்டைக் கம்பி அல்ல. பிரிட்டிஷ் பாணி மூன்று தட்டைக் கம்பி. அதற்கான அடாப்டர் இல்லாவிட்டால் இரண்டாம் நாள் செல்போன் செத்துப்போகும். தனியாகப் போகிறவனுக்கு மேப், டிக்கெட், பணம், பேச்சுத்துணை எல்லாமே அதுதான்.

அடுத்து மழை. 'டிசம்பரில் போங்கள், வானிலை அருமை' என்று பட்டியல் சொல்லும். எந்தப் பக்கத்துக்கு? கச்சான் அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை கொழும்பு, காலி பக்கம் நனையும். வாடை அடிக்கும்போது திரிகோணமலை, மட்டக்களப்பு பக்கம் நனையும். வேம்பார்க் கரையில் எந்த மீனவரைக் கேட்டாலும் காற்றை வைத்து மாதம் சொல்வார். குடை வேண்டுமா வேண்டாமா என்பதை நாற்பது அயிட்டம் பட்டியல் சொல்லாது, காற்று சொல்லும்.

வேம்பாருக்கு எதிரே கடலுக்குள் மூன்று தீவுகள் இருக்கின்றன. நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி. இன்று மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடக்கம். முதல் இரண்டின் பெயரையும் கவனியுங்கள். அந்தப் பெயரை வைத்தவர்கள் கடலில் போகும்போது முதலில் கேட்ட கேள்வி 'என்ன உடுத்துவது' அல்ல, 'குடிதண்ணீர் எங்கே' என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைக்கு இன்று தொப்பி விற்கிறார்கள்.

இப்போது பட்ஜெட். நான் பி.காம். படித்தவன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன்.

தம்பியின் மொத்தக் கணக்கு 50,000 ரூபாய். 'இலங்கையில் ஒரு வாரம், தலைக்கு இவ்வளவு' என்று யாரோ போட்ட கணக்கைப் பார்த்து எழுதியது. அந்த 'தலைக்கு' என்ற வார்த்தையில்தான் குழியே இருக்கிறது. அது இரண்டு பேர் போன கணக்கை இரண்டால் வகுத்தது. தனியாகப் போகிறவருக்கு அறை வாடகை பாதியாகாது. ஆட்டோக்காரர் ஒற்றை ஆள் என்று பாதி வாங்க மாட்டார். சாப்பாடும் பஸ் டிக்கெட்டும்தான் தலைக்கணக்கு. அறையும் வண்டியும் முழுக்கணக்கு. இந்த ஒரு வித்தியாசத்திலேயே பட்ஜெட் பிதுங்கிவிடும்.

நம் கார்டை அங்கே தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவிகிதம் வரை கூடுதலாகப் பிடிக்கும். அந்தக் கட்டணத்துக்கு மேல் ஜி.எஸ்.டி. வேறு. 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே யு.பி.ஐ. வந்துவிட்டது, ஆனால் அதற்கான கியூ.ஆர். அட்டை உள்ள கடையில் மட்டும். பஸ்ஸுக்கும் பெட்டிக்கடைக்கும் இலங்கை நோட்டு வேண்டும். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறதே என்று குஷியாகிவிடாதீர்கள். விலையும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி: ரிசர்வ் எங்கே? அவசரத்துக்கு ஒதுக்கிய பணம்? தம்பியின் கணக்கில் சைபர். தொப்பிக்கும் துண்டுக்கும் பதினோராயிரம், ஆபத்துக்குப் பூஜ்யம்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. சுமார் 300 இந்தியப் பயணிகள் கொழும்பு விமான நிலையத்தில் நாள்கணக்கில் சிக்கிக் கிடந்தார்கள். கப்பலை நம்பலாமா? தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் 2011 ஜூனில் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கி, அதே நவம்பரில் நின்றது. 2023-ல் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பலும் வாடைக்காலம் வந்தால் ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஆகவே கடைசி நிமிஷ விலையில் ஒரு திரும்பும் டிக்கெட், மூன்று நாள் அறை, சாப்பாடு: இந்தத் தொகையைத் தனியே எடுத்துவைத்த பிறகுதான் மிச்சத்துக்கு பட்ஜெட். செலவாகவில்லையா? பணம் உங்களுடையதுதான், வீட்டுக்கு வந்துவிடும். தொப்பிக்குக் கொடுத்த காசு வராது.

"தனியாகப் போறதே ஒரு த்ரில்தான் சார், எல்லாத்துக்கும் கணக்குப் பார்த்தா எப்படி?" என்று கேட்பீர்கள். தனியாகப் போவதைப் பற்றி வேம்பார்க்காரர்களுக்கா பாடம் எடுப்பது? முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களில் ஒன்று அது. இந்தக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் சிப்பி அள்ளும் பை. ஒரு மூச்சில் அடியில் போய், அள்ளிக்கொண்டு, கயிற்றை அசைத்தால் மேலே இழுப்பார்கள். அதைவிடத் தனியான பயணம் உலகத்தில் உண்டா? ஆனாலும் மேலே தோணியில் கயிறு பிடிக்க ஒரு ஆள் இல்லாமல் யாரும் குதித்ததில்லை. அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று கடற்கரையில் சொல்வதுண்டு. தங்கச்சி தாலி அவன் கையில் அல்லவா!

உங்கள் பயணத்துக்குக் கயிறு பிடிப்பவர் யார்? அதை முடிவு செய்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். பாஸ்போர்ட் நகல், தங்கும் இடங்களின் போன் நம்பர், இன்ஷூரன்ஸ் தாள் அவரிடம் இருக்கட்டும். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். இரண்டு நாள் போன் வராவிட்டால் முதலில் தங்குமிடம், அடுத்து இந்தியத் தூதரகம். கொழும்பில் மட்டும் அல்ல. கண்டி, யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டையிலும் நம் தூதரக அலுவலகங்கள் உண்டு. இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ, எந்தப் பட்டியலிலும் இது இல்லை.

மகள் தனியாகப் போகிறேன் என்றதும் முகம் கறுக்கும் அப்பா அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. கயிறு பிடிப்பது வேறு, கட்டிப்போடுவது வேறு. தோணியில் இருக்கும் மச்சான், எங்கே குதிக்க வேண்டும், எத்தனை சிப்பி அள்ள வேண்டும் என்று கீழே இருப்பவருக்கு உத்தரவு போடுவதில்லை. கயிறு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான் உங்கள் வேலையும்.

பட்டியலே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுக் கொடியையும் நம் மருந்து டப்பாவையும் பார்த்து நாமே எழுதுவோம் என்கிறேன். இரண்டு சாரம், மூன்று சட்டை, ஒரு குடை, அடாப்டர், ஓ.ஆர்.எஸ்., வழக்கமான மருந்து, காகிதங்கள். ஒரு தோள்பையில் அடங்கிவிடும். மிச்சப்படுகிற பதினோராயிரத்தை ரிசர்வ் கணக்கில் எழுதுங்கள்.

தம்பி அந்த லினன் சட்டைகளைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனாராம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று போர்டு வைத்திருக்கிறார்களாம்.