வளர்ப்பின் குறையன்று



கொடைக்கானலுக்கும் அப்பால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வாழும் குடும்பங்கள் பல. அத்தகைய ஓர் இல்லத்தில் நான்கு வயதாகியும் பேச்சு வராத, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத குழந்தை இருக்குமாயின், தாய் அன்றைய கூலியை இழந்து, வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் வரை செல்ல நேரிடும். கொடைக்கானலிலிருந்தே அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பேருந்தின் இரைச்சல் பொறாமல் குழந்தை அலறும். "பிள்ளையை அடக்கத் தெரியாதா?" என்பர் உடன் வருவோர். பயிற்சியோ ஒரு நாளில் முடிவதன்று. திரும்பி வந்தால், உறங்காத குழந்தையோடு உறங்காத இரவு.

இத்தாய்மார் தளர்வது பொறுமையின்மையால் அன்று. பாரத்தின் மேல் பழியும் ஏற்றப்படுவதால். ஆட்டிசம் போன்றவை மூளை வளர்ச்சியில் நேரும் வேறுபாடுகள். 1943இல் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பின், தாயின் அன்புக்குறைவே இதற்குக் காரணமென மேலைநாட்டு மருத்துவர் சிலர் நெடுங்காலம் சாதித்தனர். (கிரகணத்தின்மேல் பழிபோடும் நம் பாட்டிமாரே இவர்களினும் மேல், அவர்கள் தாயையாவது விட்டுவைத்தார்கள்!) இத்தகைய மகனைப் பெற்ற பெர்னார்டு ரிம்லண்டு 1964இல் நூல் எழுதி இதனை மறுத்தார். 1977இல் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தோர், பிறப்பின் கூறே வலியது எனக் காட்டினர். ஆயினும் நம் வீடுகளில் பழி இன்னும் மருமகள்மேல்தான். வேலையைச் சாக்கிட்டு ஒதுங்கும் தந்தையரையும் நாம் சொல்லாமல் விடலாகாது.

திருப்பலியில் அக்குழந்தை சத்தமிடும்போது திரும்பி முறைக்கும் கண்கள் போதும், அக்குடும்பம் மறு ஞாயிறு வாராதிருக்க. மாறாக, அண்டை வீட்டார் வாரத்தில் இரண்டு மணி நேரம் அக்குழந்தையோடு இருந்தால், தாய் சற்றே கண்ணயர்வாள்.

"சாமி, எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாப்பா?" என்று கேட்பவர்கள் பலர். இக்கேள்வியை முன்னிட்டே 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு உடையவர்களுக்கு 18 வயது நிறைந்தபின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்யலாம். பெற்றோரே அன்றி உறவினரும் காப்பாளராகலாம். மருத்துவச் சான்றும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் முதலில் பெற்றுக்கொள்க. மனு எழுத அறியாத பெற்றோருக்குப் பங்கின் படித்த இளைஞர் எழுதிக் கொடுக்கலாம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் அரை மணி நேரம் போதும்.